ஆறாம் படி

காலை ஐந்தே முக்காலுக்கு மாமா போன் செய்தார். "மக்களே, ஆறாம் படி நனைஞ்சாச்சு. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அப்படியே நிக்குது." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மழைக்காலம் காத்திருந்தேன். நாகர்கோவில் வீட்டு மொட்டை மாடியில் ஏறி மலைப் பக்கம் பார்த்தேன். மேகம் கலைந்து உச்சி தெரிந்தது. சரி, இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று கீழே வந்து மற்றவர்களை எழுப்பினேன்.

மாமா வீடு குலசேகரம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம் சரிந்து இறங்கி ஒரு தோட்டில் போய் முடியும். மேற்குக் குமரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தோடு என்றால் எங்கள் பேச்சில் ஓடை. மாமாவின் குளிகடவில் பதினான்கு கருங்கல் படிகள் இருக்கின்றன. கீழிருந்து மேலாக எண்ணுவோம். பங்குனியில் முதல் படியே காய்ந்து கிடக்கும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்து ஒரு வாரம் ஆனால் தண்ணீர் மூன்றாம் படிக்கு வரும். எட்டாம் படி நனைந்தால் அந்தக் காலத்தில் துவைக்க வந்த பெண்கள் துணி மூட்டையோடு திரும்பிவிடுவார்கள். பத்தாம் படிக்குத் தண்ணீர் வந்ததை ஐப்பசித் துலாமழையில்தான் பார்த்திருக்கிறேன். ஆறாம் படி நடுவில் இருப்பது. நாங்கள் இறங்கக் காத்திருந்த கயாக், துடுப்பால் ஓட்டும் சின்னப் படகு, தரை தட்டாமல் போகத் தண்ணீர் இருக்கும். பாறைகளும் தலை காட்டிக்கொண்டிருக்கும்.

தோட்டின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே யாராவது லாரி டியூபோடு வந்து இறங்குவார்கள். காட்டுக்குள் இருக்கும் ஓடையும் இல்லை அது. வனத்துறை எல்லைக்கு வெளியே, ரப்பர் தோட்டங்களுக்கும் வீட்டுப் புரையிடங்களுக்கும் நடுவே ஓடுவது. இரண்டு கரையிலும் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் போய்க் கேட்டுவிட்டுத்தான் இறங்கினோம்.

குமரி மாவட்டத்து வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே தண்ணீர் நிதானமாக ஓட இடமே கிடையாது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறைத் தாமிரபரணி என்று பெயர் வாங்கி, கொஞ்ச தூரத்திலேயே தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலந்துவிடும். மேலே இருக்கும் தோடுகளைக் கேட்கவே வேண்டாம், படி இறங்குவதுபோல இறங்கும். கோதையாற்றில் 1906இலேயே பேச்சிப்பாறை அணை வந்துவிட்டது. மேலே அணையைத் திறந்தால் கீழே திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். எங்கள் தோட்டுக்கு மேலே அப்படி அணை எதுவும் இல்லை. மலையில் மழை பெய்தால் ஒன்றரை மணி நேரத்தில் கடவில் தெரியும். மழை விட்டால் அதே வேகத்தில் வடியும். அதனால்தான் படியைப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மாமா ரப்பர் பால் வெட்டுகிறவர். வெளுப்பதற்கு முன்பே தோட்டத்தில் இருப்பார். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

நாங்கள் கயாக்கில் இறங்கிய பகுதி ஒன்றரைக் கிலோமீட்டர். அதற்குள் தண்ணீர் சுமார் 55 மீட்டர் இறங்குகிறது. பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். மைலுக்கு 100 அடிக்கு மேல் இறங்கினால் அதைச் செங்குத்து ஓடை என்று கயாக் ஓட்டுகிறவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் தோடு கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு இறங்குகிறது. அகலம் அதிகம் போனால் ஐந்து மீட்டர். இரண்டு இடங்களில் துடுப்பைக் குறுக்கே பிடித்தால் இரு முனையும் பாறையில் தட்டும்.

எனக்குத் தண்ணீரை முதலில் சொல்லிக் கொடுத்தது பாட்டி. எட்டு வயதிருக்கும். கடவில் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஒரு துவர்த்து, அதாவது துண்டு, கையிலிருந்து நழுவி ஒழுக்கில் போய்விட்டது. நான் அதன் பின்னாலேயே ஓடப் பார்த்தேன். பாட்டி கையைப் பிடித்து நிறுத்தி, "ஓடாத பிள்ளே. அந்தப் பாறைக்குப் பின்னால பாரு, அங்க வந்து நிக்கும்" என்றாள். அப்படியே நடந்தது. கீழே போன துவர்த்து பாறையைத் தாண்டியதும் ஓரமாகத் திரும்பி, மேல்நோக்கி மெதுவாக வந்து, பாறையின் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றது. பாட்டி கோணிக் குனிந்து எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது அதிசயமில்லை. எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான்.

வேலைக்காகக் கோழிக்கோட்டில் இருந்த வருடங்களில்தான் கயாக் அறிமுகமானது. கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் மழைக்காலத்தில் நடக்கும் மலபார் நதித் திருவிழாவை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 2013இல் தொடங்கியது. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்து ஓட்டுவார்கள். புலிக்கயத்தில் பாலத்தின் மேல் குடையோடு நின்று ஒரு மதியம் முழுக்கப் பார்த்தேன். அடுத்த வாரமே பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் பயிற்சியாளர், பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி வரும் இடத்தைக் காட்டி, "இதுக்குப் பேரு எடி. ஆத்துல உங்களுக்கு இருக்கிற வீடு இதுதான்" என்றார். பாறையில் மோதிப் பிரிகிற தண்ணீர், பாறைக்குப் பின்னால் விழும் வெற்றிடத்தை நிரப்பத் திரும்பி வருகிறது. பாட்டியின் துவர்த்து நின்ற இடம். ஓடையில் கயாக் ஓட்டுவது என்றால் மேலிருந்து கீழே சர்ரென்று போவது என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒரு பாறையின் மறைவிலிருந்து அடுத்த பாறையின் மறைவுக்கு. அங்கே நின்று, மூச்சு வாங்கி, பார்த்து, பிறகு அடுத்ததுக்கு. மறைவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விளிம்பைத் தாண்டக்கூடாது.

படகைப் பற்றிக் கொஞ்சம். கயாக் வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்கள் சீல் தோல் போர்த்திச் செய்த வேட்டைப் படகு. உறைபனித் தண்ணீரில் படகை விட்டு வெளியே வந்தால் சாவு. அதனால் கவிழ்ந்தாலும் உள்ளே இருந்தபடியே இடுப்பால் சுண்டிப் புரண்டு எழுகிற வித்தையை அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். இன்றைக்கும் முதல் பாடம் அதுதான், ரோல் என்கிறோம். ஒலிம்பிக்கில் நீங்கள் பார்க்கும் ஸ்லாலம் படகு நீண்டு மெலிந்து கத்திபோல் இருக்கும். ஓடைப் படகு அதற்கு நேர் எதிர். இரண்டரை மீட்டர் நீளம், வயிறு பெருத்து, மூக்கு மேலே வளைந்து, கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. இருபது கிலோவுக்கு மேல் எடை. பாறையில் இடித்தால் நசுங்கி மறுபடி நிமிரும். தண்ணீர் உள்ளே புகாமல் இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடைபோல் ஒன்று, ஸ்பிரே ஸ்கர்ட். அதன் முன்னால் ஒரு வார் தொங்கும். எழ முடியாவிட்டால் அதைப் பிடித்து இழுத்து வெளியே வந்துவிடலாம். படகில் உட்கார்ந்ததும் அந்த வார் வெளியே தெரிகிறதா என்று தொட்டுப் பார்ப்பது, எத்தனை வருடம் ஆனாலும், எல்லோரும் செய்வது.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அந்த நாளைக் குமரிக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். கடலில் போனவர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டியதும் அதுதான். மலையடிவாரத்தில் ரப்பரும் வாழையும் படுத்துவிட்டன. அடுத்த சித்திரையில் நான் ஊருக்கு வந்து தோட்டில் இறங்கி நடந்தபோது ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருபத்திரண்டு மரங்கள் குறுக்கே கிடந்தன. ஒரு மரத்தில் பால் வெட்டிய தழும்பும், சிரட்டை மாட்டும் கம்பியும் அப்படியே இருந்தன.

கயாக் ஓட்டுகிறவர்கள் அருவியைவிடப் பயப்படுவது இப்படி விழுந்து கிடக்கும் மரத்துக்குத்தான். டீ வடிகட்டி மாதிரி. தண்ணீர் கிளைகளுக்கு நடுவே போய்விடும், ஆள் போகமுடியாது. பின்னால் வரும் தண்ணீர் ஆளை மரத்தோடு வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். தோட்டத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டு, மூன்று கோடையில் அத்தனை மரத்தையும் அறுத்துக் கரையேற்றினோம். மாமாவும் அவரோடு வேலை செய்யும் இரண்டு பேரும், குளச்சலிலிருந்து வந்த தம்பியும், நானும். விறகு அவரவர் வீட்டுக்குப் போனது.

அந்த மூன்று கோடைதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. பனி உருகி ஓடும் ஆறுகளில் கயாக் ஓட்டுகிறவர்களுக்கு ஆற்றின் அடி பெரும்பாலும் தெரியாது. எங்கள் தோடு பங்குனியில் தன்னைத் திறந்து காட்டிவிடுகிறது. எந்தக் கல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பாறைக்கு அடியில் தண்ணீர் குடைந்திருக்கிறது, எந்தக் கயம் எவ்வளவு ஆழம், எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறதே, அதில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு விழுச்சியின் உயரத்தையும் அளந்தோம். பெரியது பதினோரு அடி. அதன் கீழே உள்ள கயத்தில் மூங்கிலை இறக்கிப் பார்த்தபோது, கோடையிலேயே இரண்டு ஆள் ஆழம் இருந்தது.

பாதி வழியில் ஒரு பெரிய பாறை. சிறு வயதில் நாங்கள் ஆனைப்பாறை என்போம். மழைக்காலத்தில் அதன் இடப்பக்கம் தண்ணீர் அமைதியாக, கண்ணாடிபோல் வழுக்கிக்கொண்டு போகும். வலப்பக்கம் ஒரே இரைச்சல், வெள்ளை நுரை. யாரைக் கேட்டாலும் இடப்பக்கம் போகத்தான் சொல்வார்கள். சித்திரையில் டார்ச்சோடு அந்த இடப்பக்கத்தில் குனிந்து பார்த்தேன். பாறைக்கு அடியில் ஓர் ஆள் படுத்தபடி நுழையும் அளவுக்குக் குடைவு. உள்ளே போகப்போகக் குறுகி, கடைசியில் ஒரு தட்டு நுழையும் இடுக்கு. அந்தப் பக்கத் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் போகிறது. இடுக்கின் வாயில் அடைந்து கிடந்தவை: ஒற்றைச் செருப்புகள் நாலைந்து, கிழிந்த சாக்கு, ஓலை, ஒரு பந்து, மூடியில் பெயர் எழுதிய பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில். எழுத்து அழிந்துவிட்டிருந்தது. மேலிருந்து வந்ததில் எதையும் அந்தப் பாறை விட்டுவைக்கவில்லை. நான் வெளியே வந்து வெகுநேரம் மணலில் உட்கார்ந்திருந்தேன். மாமா, "என்ன மக்களே, பாம்பா?" என்று கேட்டார். வலப்பக்க இரைச்சலில்தான் போக வேண்டும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இனி அந்த ஜூன் காலை. ஏழே காலுக்குக் கடவுக்கு வந்துவிட்டோம். கோடஞ்சேரியிலிருந்து வந்த சேட்டன் மூன்று நாளாக எங்கள் வீட்டில் தங்கி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் இறங்குவது நானும் குளச்சல் தம்பியும். சேட்டன் கரையில் கயிற்றோடு. தம்பி கட்டுமரக்காரர் குடும்பம், கடல் அலையில் கயாக் ஓட்டிப் பழகியவன். தோட்டை முதன்முதலாக மழையில் பார்த்த அன்று அவன் சொன்னது: "அக்கா, கடல்ல அலைதான் வருது போவுது, தண்ணி நின்ன இடத்துல நிக்கும். இங்க அலை நிக்குது, தண்ணி ஓடுது. கடல் ஒரு அடி அடிச்சா மூச்சு விட நேரம் தரும். இது தராது போலிருக்கே." இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமா ஈரப் படியின் ஓரத்தில், தண்ணீர் தொடும் இடத்தில், ஓர் ஈர்க்கிலைக் கல்லிடுக்கில் குத்தி வைத்தார். பதினைந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தோம். ஈர்க்கிலின் அடியில் அதே ஈரம், கூடவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கினால் காய்ந்த சருகும் சுள்ளியும் புதிதாக மிதந்து வரும், நிறம் செம்மண்ணாக மாறும். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. இளம் தேயிலைத் தண்ணீர் நிறம். மாமா மேல் வளைவில் நின்றுகொள்வது என்று பேச்சு. நிறம் மாறினால் மூன்று விசில்.

முதல் நானூறு மீட்டர் கற்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குவது. இடம், வலம், மறைவு. மறுபடி வலம், மறைவு. உடம்பு பழகிய வேலை, சொல்ல அதிகம் இல்லை. பிறகு சறுக்குப்பாறை, அதுவும் போயிற்று. அப்புறம்தான் பதினோரு அடி.

மேலே இருக்கும் மறைவில் நின்று பார்த்தால் தோடு ஒரு கோட்டில் முடிந்துவிடுகிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் தென்னை மரங்களின் கழுத்து மட்டும் தெரியும். கரையில் சேட்டன் கையை நேராக மேலே தூக்கினால் வரலாம் என்று அர்த்தம். தூக்கினார்.

இந்த அளவு உயரத்துக்கு ஓர் உத்தி இருக்கிறது. விளிம்பில் துடுப்பை ஊன்றி நீளமாக ஒரே இழுப்பு. அதே நொடியில் இடுப்பை முன்னே தள்ளிப் படகின் மூக்கைத் தூக்க வேண்டும். படகு குத்திட்டு இறங்காமல், விழுகிற தண்ணீரைத் தாண்டிப் போய்த் தட்டையாக விழும். அடிப்பாகம் தண்ணீரில் அறையும்போது எழும் சத்தத்தையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள்: பூஃப். உயரம் கூடினால் இது ஆகாது, தட்டையாக விழுந்தால் முதுகெலும்பு தாங்காது. அங்கே மூக்கைக் கீழே விட்டுத்தான் இறங்குவார்கள்.

நான் ஒரு முழம் முன்பே இழுத்துவிட்டேன். துடுப்பு தண்ணீரை விட்டபோதுதான் படகு விளிம்புக்கு வந்தது. மூக்கு கவிழ்ந்தது. அதற்குப் பிறகு பச்சை, பிறகு கறுப்பு. காதுக்குள் பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு சத்தம். தண்ணீர் தோளைப் பிடித்து முறுக்கியது. முதல் ரோல் பாதியில் நின்றுபோயிற்று, ஒரு வாய் காற்றுகூடக் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டால் வாரை இழுத்து வெளியே வந்துவிடுவோம். வந்தால் கீழே ஆனைப்பாறை. அந்தப் பாட்டிலின் மூடி கண்முன் வந்தது, நிஜமாகவே. துடுப்பைப் படகோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணினேன். தண்ணீர் என்னை விழுச்சியிலிருந்து கொஞ்சம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. பிடி லேசானதும் இரண்டாவது முறை சுண்டினேன். எழுந்தேன். இடப்பக்கம் கயத்தின் ஓரத்தில் மறைவு. அங்கே போய்ப் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருமினேன். சேட்டன் மேலிருந்து, "நேரத்தே இழுத்துட்டீங்க" என்றார், அவ்வளவுதான். தம்பி எனக்குப் பின்னால் வந்து, பூஃப் என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி விழுந்தான்.

ஆனைப்பாறையில் வலப்பக்கம் போனோம். முகம் முழுக்க நுரை, முழங்கையில் ஓர் இடி, ஐந்து வினாடி. முடிந்தது.

அதற்குக் கீழே இருநூறு மீட்டரில் தடுப்பணை. நாலடிச் சுவர். கிணறுகளில் ஊற்று நிற்கட்டும் என்று சில வருடங்களுக்கு முன் கட்டியது. நல்ல நோக்கம்தான், கோடையில் பயனும் உண்டு. இங்கே நாங்கள் கரையேறிவிட்டோம். படகைத் தோளில் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டம் வழியாகச் சுற்றி நடந்தோம்.

பார்க்க வந்த கூட்டம் அணைக்கரையில்தான் நின்றிருந்தது. பையன்கள் ஏழெட்டுப் பேர். அவர்கள் கோடையில் அந்தச் சுவரிலிருந்து குதித்து விளையாடுகிறவர்கள். பெரிய விழுச்சியில் நாங்கள் விழுந்ததை மேலே நின்று பார்த்துவிட்டு இங்கே ஓடி வந்திருந்தார்கள். ஒருவன், "அக்கா, அத்தனை பெரிசுல சாடினீங்க, இதுல சாட மாட்டீங்களா?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. அந்தத் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. சுவரின் மேல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே அளவாக, சேலையை விரித்துத் தொங்கவிட்டதுபோல் வழிகிறது. கீழே கொஞ்சம் நுரை. இரைச்சல்கூட இல்லை, ஒரு முனகல்.

சேட்டன் பதில் சொல்லவில்லை. பக்கத்துப் புரையிடத்தில் கிடந்த உரிக்காத காய்ந்த தேங்காய் ஒன்றை எடுத்து வந்து பையன்களிடம் காட்டினார். அணைக்கு மேலே தண்ணீரில் போட்டார்.

தேங்காய் மிதந்து வந்து சுவரைத் தாண்டி விழுந்தது. நுரைக்குள் மறைந்தது. ஒரு கோல் தூரம் தள்ளி மேலே வந்தது. பையன்கள் அது கீழே போய்விடும் என்று அந்தப் பக்கம் திரும்பினார்கள். அது போகவில்லை. மெதுவாக, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல், சுவரை நோக்கித் திரும்பி வந்தது. சுவரடிக்கு வந்ததும் மேலிருந்து விழும் தண்ணீர் அதை உள்ளே அமுக்கியது. மறுபடி தள்ளி எழுந்தது. மறுபடி சுவருக்கு வந்தது. பையன்கள் எண்ணத் தொடங்கினார்கள். முதலில் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள். இருபதுக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பதாவது சுற்றில் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் அடிவரை போய், அடியோடு ஓடி, கொஞ்ச தூரம் தள்ளிப் பொங்கி எழுகிறது. எழுந்ததில் ஒரு பங்கு கீழே ஓடிவிடும். ஒரு பங்கு மேற்பரப்பில் சுவரை நோக்கித் திரும்பும். விழுந்தவர் மிதந்து எழுந்ததும் இந்தத் திரும்பும் தண்ணீரில்தான் மாட்டுகிறார். எவ்வளவு நீந்தினாலும் சுவருக்கே வந்து சேர்வார், மறுபடி அமுக்கப்படுவார். நுரையில் பாதி காற்று என்பதால் அதில் உடம்பு சரியாக மிதப்பதும் இல்லை. இயற்கையான விழுச்சியிலும் இது நடக்கும். ஆனால் பாறை கோணலும் மாணலுமாக இருப்பதால் எங்காவது ஓரிடத்தில் தண்ணீர் வெளியே போகும், அதைப் பிடித்து நாமும் போய்விடலாம். பதினோரு அடியில் நான் தப்பியது அப்படித்தான். தடுப்பணையின் விளிம்பை மனிதன் மட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறான். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே அளவு. இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர். வெளியேற இடுக்கே இல்லை.

கோடையில் அங்கே குதித்தால் ஒன்றும் ஆவதில்லை. வழியும் தண்ணீர் குறைவு. அந்தப் பழக்கத்தில்தான் மழைக்காலத்திலும் இறங்குகிறார்கள். குமரியில் எத்தனை தடுப்பணைகள், எத்தனை குளிக்கும் கூட்டம். ஒருவர் மாட்டிக்கொண்டால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கிறார், பிறகு அவரையும் தேட வேண்டியதாகிறது. தயவுசெய்து குதிக்காதீர்கள். கரையிலிருந்து கயிற்றை எறியுங்கள். தேங்காய் பறிக்கும் தோட்டியை நீட்டுங்கள். காலிக் குடத்தைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். கைக்குக் கிடைத்ததும் பக்கவாட்டில் கரையை நோக்கி இழுங்கள். சுவரின் கீழ்ப்பக்கம் பாறைகளை அடுக்கிச் சாய்தளம்போல் ஆக்கினால் அந்தத் திரும்பும் தண்ணீர் உடைந்துவிடும். பல நாடுகளில் பழைய அணைச்சுவர்களுக்கு இதைச் செய்கிறார்கள். எங்கள் அணைக்கு இதைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். திரும்பவும் கொடுப்போம்.

ஓடும் தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள் என்பதையும் அந்தப் பையன்களுக்குச் சொன்னோம். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரில் கால் ஊன்றினால், பாதம் கல்லிடுக்கில் சிக்கும், தண்ணீர் ஆளை முன்னால் சாய்த்துவிடும். மல்லாந்து படுத்து, காலைத் தண்ணீர் ஓடும் பக்கமாக நீட்டி, கையால் துழாவி ஓரத்துக்கு வர வேண்டும். மணலில் படுக்கவைத்துப் பழக்கினோம். பாட்டியின் துவர்த்துக் கதையையும் சொன்னேன். கடைசியில் ஒருவன் சேட்டனிடம் கயிற்றுப் பையை வாங்கி எறிந்து பார்த்தான். மூன்றாவது எறியில் தென்னை மரத்தைச் சரியாகப் பிடித்தான்.

அணைக்குக் கீழே மீதி இருந்த தூரத்தைக் கால் மணி நேரத்தில் முடித்து, கோதையாற்றில் சேரும் இடத்தில் கரையேறினோம். மாமி மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்திருந்தாள். என் நெற்றியில் இருந்த கீறலைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் குழைத்து வைத்தாள்.

சாயங்காலம் நாகர்கோவிலுக்குக் கிளம்பும் முன் அணைக்கரைக்குப் போனேன். பையன்களில் இரண்டு பேர் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு மாமாவின் போன். "மக்களே, ராத்திரி மழை இல்ல. வெள்ளம் வடிஞ்சு நாலாம் படிக்கு வந்தாச்சு." கொஞ்சம் நிறுத்தி, "வெளுக்கும் முன்ன டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். உங்க தேங்காயக் காணல்ல" என்றார்.